தொரைக்கு வைத்த களி

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை என்பது அறவே கிடையாது. பஸ் நிற்பதற்குள் இறங்குகிறார்கள். இறங்குகிறவன் காலை மிதித்துக்கொண்டே ஏறுகிறார்கள். கோயிலில் கடைசி ஆமென் சொல்வதற்குள் செருப்பைத் தேடுகிறார்கள். பத்து நாள் பொறுத்துப் பார் என்று படித்தவன் சொன்னால், மூன்றாம் நாளே தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும் ஆர்தர் திட்டிவிட்டு மறந்துவிடுவார். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மன்னிக்க அவர் தயாராக இல்லை.

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் ரோட்டில், ஒன்பதாவது மைல் கல்லை ஒட்டி மிஷன் மாந்தோப்பு இருந்தது. 1974ஆம் வருஷம், மார்ச் மாதத் தொடக்கம். பூ கொட்டிப் பிஞ்சு பிடிக்கும் நேரம். ஆர்தர் அந்தத் தோப்புக்கு முப்பத்தோரு வருஷமாகக் காவல்காரர். பெண்சாதி மேரி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தோப்புக்கு நடுவே வெள்ளைக்கார டாக்டர்கள் கட்டிவிட்டுப் போன ஓட்டு வீட்டில் அவரும் ஒரு நாயும்தான். கடைசி டாக்டர் கப்பலேறும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன குட்டி என்பதால் அதற்குத் தொரை என்று பெயர். ரோட்டில் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கேலி செய்வார்கள்.

"இன்னா ஆர்தரு, தொரை துன்னாரா?"

"அவன் துன்னப்புறம்தான் நானு. போய் உன் வேலையப் பாரு."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நடப்பதும் அப்படித்தான். களி கிண்டினால் முதல் உருண்டை அலுமினியத் தட்டில் தொரைக்கு. மீதிதான் அவருக்கு.

திங்கட்கிழமை தொரை அவருடைய இடது கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அதன் காலில் முள் எடுக்கும்போது பல் பட்டுவிட்டது என்று சொல்லி, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கட்டிக்கொண்டார். சித்தூர் டவுனில் இருக்கும் தங்கை லோயிஸ் கேள்விப்பட்டு ஓடி வந்து, ஒரு பாட்டம் அழுது, புதன்கிழமை காலையில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கம்பவுண்டர் சாந்தகுமார் நல்ல பையன். நிதானமாகத்தான் சொன்னான்.

"பெரியவரே, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. இன்னைக்கே ஆரம்பிச்சிடணும். நாயைக் கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. சோறு துன்னுதா, தண்ணி குடிக்குதா, ரெண்டையும் பாருங்க. பத்தாம் நாளும் நல்லா இருந்தா ஊசிய நிறுத்திடலாம். நடுவுல செத்துப்போனா தலைய வெட்டி டின்னுல போட்டு அன்னைக்கே கொண்டாந்துடணும். டெஸ்டுக்கு அனுப்புவோம்."

"பத்து நாள் நல்லா இருந்தா ஊசி வாணாம். அதானே?"

"அப்படி இல்லைங்க, ஊசி போட்டுக்கினே..."

"நீதான் சொன்னே. நான் பாத்துட்டு வரேன்."

லோயிஸ் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வந்துவிட்டார். ஊசிக்கு உயிரைக் காப்பாற்றத் தெரிந்திருந்தால் மேரி இன்றைக்கு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள் என்பது அவர் கட்சி.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினார். வழக்கமாக பஸ் ஹாரன் கேட்டதுமே தோப்புக்குள்ளிருந்து குரைப்பு கிளம்பும். அன்றைக்குக் கேட்டைத் திறந்தும் வரவில்லை. மரத்துக்கு மரம் தேனீ இரையும் சத்தம். வெயிலில் புளித்த மாம்பூ வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஈரத் துருப்பிடித்த இரும்பு மாதிரி.

கிணற்றடியில் நாகையா நின்றுகொண்டிருந்தான். பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவன். தெலுங்குக்காரன், பாதிப் பேச்சு தமிழில் வரும். கையில் தடி.

"தாத்தா, கோவப்படாத. அதி பிச்சி குக்க. பைத்தியம் புடிச்ச நாயி. சங்கிலிய அத்துக்கினு என் ஆட்டுப்பட்டிக்கு வந்துடுச்சி. வாயெல்லாம் நுரை. ஊட்ல பிள்ளைங்க கீதுங்க, நான் இன்னா பண்றது?"

"இந்த வெயில்ல எந்த நாய்க்குடா வாயி ஒழுகாது? உனக்கே ஒழுகுது."

நாகையா வாயைத் துடைத்துக்கொண்டான். தொரை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்தது. கண் மூடியிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில தலைய கேப்பாங்களாமே தாத்தா. உனக்குக் கை வராதுன்னா நான் வேணா..."

"கிட்ட வந்தேன்னா உன் தலைதான் டின்னுல போவும்."

எட்டு வருஷம் மடியில் கிடந்த தலை. அதை அரிவாளால் வெட்டி, மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, பஸ்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு போவதா? ஆர்தர் மேரியின் பழைய சீலை ஒன்றை எடுத்து வந்து நாயை முழுசாகச் சுற்றினார். தோத்தாபுரி மாமரத்தடியில் ஒற்றைக் கையால் பள்ளம் பறித்தார். மண்ணைத் தள்ளி முடித்ததும் ஜெபம் பண்ணலாமா என்று யோசித்தார். நாய்க்கு ஜெபம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"போயிட்டு வாடா."

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லக்கூடாது. கிழவருக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் கை பழக்கத்தில் இரண்டு பேருக்குக் களி கிண்டிவிட்டது. கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தட்டைப் பின்வாசலில் வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. திருப்பி எடுக்க மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, துன்னாமல் படுத்தார்.

காலையில் தட்டு நக்கித் துடைத்த மாதிரி இருந்தது.

காக்காய், கீரி என்று நினைத்தார். அப்புறம், நாகையா விளையாடுகிறான் என்று நினைத்தார். ஆர்தர் பேயை நம்புகிறவர் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒண்டியாகத் தோப்பில் கிடந்தவர், திருடனைத்தான் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்புச் சாம்பலைச் சலித்து, தட்டைச் சுற்றி நாலு முழ அகலத்துக்குத் தூவினார். எறும்பு போனாலும் கோடு விழும்.

விடிந்ததும் போய்ப் பார்த்தார். சாம்பல் தூவியபடியே இருந்தது. ஒரு குருவிக் கால்கூட இல்லை.

தட்டு காலி.

அன்றைக்குப் பொழுது சாய, பின்வாசற்படியில் உட்கார்ந்து காவல் இருந்தார். தூணில் தொரையின் சங்கிலி, அறுந்தது போக மீதி ஒரு முழம், தொங்கிக்கொண்டிருந்தது. தோப்பில் தேனீச் சத்தம் அடங்கியது. காற்று நின்றது. நனைந்த நாயின் மயிர் வாசனை மெல்ல எழுந்து வந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சங்கிலி கிணுங்கியது.

தொங்கிக்கொண்டிருந்த முனை தட்டின் பக்கமாக நீண்டது. நீண்டு, விறைத்து, அந்தரத்தில் நின்றது. முழங்கால் உயரம்.

ஆர்தர் எழுந்திருக்கவில்லை. களி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கிலி தொய்ந்தது. அவருடைய இடது காலில் ஒரு பாரம் வந்து சாய்ந்தது. தினம் துன்ற பிறகு தொரை எப்படிச் சாயுமோ, அப்படியே. கிழவருக்கு நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். தொங்கிக் கிடந்த கையில், கட்டு அவிழ்ந்த கட்டைவிரலில், ஈரமான நாக்கு ஒன்று பட்டது.

நக்கியது.

காயத்தை மட்டும் நக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லோயிஸ் வந்தாள். தூக்குச் சட்டியில் குழம்பும், கண்ணில் இரண்டு நாள் தூக்கமில்லாத சிவப்பும் இருந்தன.

"யாருக்குண்ணா ரெண்டு தட்டு?"

"அவனுக்கு."

"அவன் செத்து நாலு நாள் ஆவுது."

"துன்றானே."

லோயிஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். குடித்திருக்கிறாரா என்று மோந்தும் பார்த்தாள்.

"மோந்து பாக்காத. நான் சொல்றதக் கேளு. பைத்தியம் புடிச்ச நாயி துன்னுமா? துன்னாது. இவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காம துன்றான். இன்னைக்கு ஏழாம் நாளு. புதன்கெழமையோட பத்து. அந்தக் கம்பவுண்டரு சொன்ன கணக்குதான். அவன் நல்லா கீறான், அதனால நானும் நல்லா கீறேன். ஊசி எதுக்கு?"

"ஐயோ அண்ணா, செத்ததுக்குக் கணக்கா பாப்பாங்க? எழுந்து வா. இப்பவே போலாம். பஸ் கீது. உன் காலப் புடிச்சிக்கிறேன்."

"புடிச்சிக்கோ. வலிக்கிற எடத்துலயே புடி."

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றாள். குனிந்தவள் நிமிரவேயில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மண் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா. இந்தத் தண்ணி எப்ப வச்சே?"

"போன திங்கக்கெழம."

சட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அந்த வெயிலில் ஒரு விரற்கடைகூட வற்றவில்லை. மேலே மாம்பூ மிதந்தது, செத்த தேனீ ஒன்று மிதந்தது, தூசி ஆடை மாதிரிப் படிந்திருந்தது. எதுவும் வாய் வைக்காத தண்ணீர்.

"களி துன்னுது," என்றாள் லோயிஸ், குரல் எழும்பாமல். "தண்ணி குடிக்கலியே அண்ணா."

"கெணத்துல குடிச்சிப்பான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லோயிஸ் சாயங்கால பஸ் வரைக்கும் கெஞ்சினாள். சங்கீதம் சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் தன் புருஷன் சாவுக்குக்கூட அழாத மாதிரி அழுதுகொண்டு போனாள். ஆர்தர் அவளைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது.

முள் எதுவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் தொரையின் தலையைத் தடவத்தான் கையை நீட்டினார். அது அவரைப் பார்த்தது. எட்டு வருஷம் பழகிய கண் அது இல்லை. யாரோ வேலி தாண்டி வந்த ஆளைப் பார்க்கிற கண். அப்புறம்தான் கடித்தது. இதை வெளியே சொன்னால் நாயைக் கொன்றுவிடுவார்கள் என்று முள் கதையைக் கட்டினார். சொல்லச் சொல்ல, முள் இருந்த மாதிரியே அவருக்குப் பட்டுவிட்டது.

பொழுது சாய்ந்தது. சங்கிலி கிணுங்கியது, களி தீர்ந்தது, பாரம் வந்து காலில் சாய்ந்தது. ஆர்தர் மெதுவாகக் கையை நீட்டி, தண்ணீர்ச் சட்டியைத் தன் காலருகே நகர்த்தினார்.

பாரம் சட்டென்று விலகியது.

கதவு மூலையில் ஏதோ ஒடுங்கியது. பல்லோடு பல் அடிக்கும் சத்தம் கேட்டது. தொண்டைக்குள் எதுவோ மாட்டிக்கொண்டு இறங்காமல் திணறும் சத்தம் கேட்டது. நாயின் சத்தமும் இல்லை, மனுஷனின் சத்தமும் இல்லை. சட்டியில் தண்ணீர் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"குடிடா," என்றார் ஆர்தர். "ஒரே ஒரு வாய் குடிச்சிடுடா. எனக்காவ."

மூலையில் திணறல் அதிகமானது. கேட்கப் பொறுக்கவில்லை. எழுந்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் ஊற்றிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் தண்ணீர் வைக்கவேயில்லை.

பாரம் திரும்பி வந்து சாய்ந்தது. நாக்கு கட்டைவிரலைத் தேடியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை, பத்தாம் நாள் காலை, காலித் தட்டை எடுத்துக்கொண்டு நேராக நாகையாவின் ஆட்டுப்பட்டிக்குப் போனார். தட்டை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"பாத்தியா? பத்து நாளும் துன்னுட்டான். நல்ல நாயக் கொன்னுட்டேடா பாவி. இனிமே எவனாவது அவனப் பைத்தியம்னு சொன்னா பல்லு இருக்காது."

நாகையா தட்டைப் பார்க்கவில்லை. பட்டிக்குள் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் ஆடுகளைப் பார்த்தான், கிழவரின் கையைப் பார்த்தான்.

"தாத்தா," என்றான் ரொம்ப மெதுவாக, "கட்டு எதுக்கு ஈரமா கீது?"

"வேர்வை."

"சொட்டுது தாத்தா."

ஆர்தர் திரும்பி நடந்துவிட்டார். மறுநாளிலிருந்து நாகையா ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். லோயிஸ் இன்னும் இரண்டு தடவை வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுப் போனாள். உள்ளே கிழவர் குழம்புக்குக் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். ரெண்டு பேருக்கு. மேரி போன பிறகு இத்தனை நிம்மதியாக இருந்ததில்லை என்றுகூட ஒரு நாள் நினைத்தார். தினமும் பொழுது சாய நாக்கு வந்தது. புண் ஆறி வடுவான பிறகும் வந்தது.

கடிபட்டு ஐந்து வாரம் ஆயிற்று. வடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தோளில் வலித்தது. வேலை வலி என்று வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை வந்தது. இராப்போஜனத்தை மட்டும் ஆர்தர் எந்த வருஷமும் விட்டதில்லை. வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். அவரைக் கோயில் வாசலில் கண்ட லோயிஸுக்கு மனசு நிறையச் சந்தோஷம். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

அப்பத்தை விழுங்கிவிட்டார். கஷ்டமாகத்தான் இருந்தது. போதகர் பாத்திரத்தைக் கொண்டுவந்து உதட்டருகே சாய்த்தார். உள்ளே திராட்சரசம் சிவப்பாக அசைந்தது.

தொண்டை பூட்டிக்கொண்டது.

யாரோ உள்ளேயிருந்து கையை விட்டுப் பிடித்த மாதிரி. ஆர்தர் தலையைப் பின்னால் வெட்டி இழுத்தார். பாத்திரம் தட்டிப் போதகரின் வெள்ளை அங்கியில் கொட்டியது. கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதியில் தன் வாயிலிருந்து வந்த சத்தத்தை ஆர்தர் கேட்டார். தன் வீட்டுக் கதவு மூலையில் கேட்ட அதே திணறல்.

மறுநாள் காலையில் லோயிஸ் அவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்திருந்தாள். சாந்தகுமார் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். கிழவர் அதை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. டம்ளர் விழுந்து உருண்டது. சாந்தகுமார் மேஜை ஃபேனை அவர் பக்கம் திருப்பினான். முகத்தில் காற்றுப் பட்டதும் மறுபடியும் தொண்டை இழுத்தது. அவன் ஃபேனை நிறுத்தினான். ரொம்ப நேரம் சுவிட்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்த ஊசிய இப்ப போடு," என்றாள் லோயிஸ். "பதினாலையும் ஒன்னா போட்டுடு. நான் புடிச்சிக்கிறேன்."

"அக்கா..."

"போடுப்பா."

"இனிமே போட்டு ஒன்னும் இல்லக்கா. கூட்டம் இல்லாத ரூமா பாத்துத் தரச் சொல்றேன். வெளிச்சம் படாம, காத்து படாம இருக்கணும். ரெண்டு நாளு, மிஞ்சினா மூணு. போதகர வரச் சொல்லிடுங்க."

லோயிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்தருக்கு வந்தது கோபம்தான்.

"யாருக்குடா போதகரு? பத்து நாளு பாருன்னு சொன்னவன் நீதானே? பாத்தேன். மிச்சம் வைக்காம துன்னான். நேத்து வரைக்கும் துன்னான். பைத்தியம் புடிச்ச நாயி முப்பத்தஞ்சு நாளு துன்னுமா? நீ படிச்ச பொஸ்தகத்துல அப்படி எழுதிக் கீதா? எனக்குத் தொண்டையில சளி. உங்க தண்ணில மருந்து நாத்தம், அதான் எறங்கல."

"பெரியவரே, உக்காருங்க."

"நீ உக்காரு."

அவர் எழுந்து வராந்தாவில் நடந்தார். லோயிஸ் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தாள். சட்டைத் துணி கிழிந்து அவள் கையோடு போனது. அவர் நிற்கவில்லை. சாந்தகுமார் ஆள் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வரும் சத்தம் கேட்டது. வெயில் கண்ணைக் குத்தியது, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, துண்டில் துப்பிக்கொண்டே நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசல் நிழலில் ஏழெட்டுத் தெரு நாய்கள் படுத்துக் கிடந்தன. வார்டுச் சோற்றுக்காக எப்போதும் கிடப்பவை. ஆள் மிதித்தாலும் அசையாதவை. ஆர்தர் கிட்டே வந்ததும் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் பின்வாங்கி, சுவரோடு ஒட்டி நின்று நடுவில் வழி விட்டன.

ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை.

எல்லாம் அவருக்கு ஓரடி பின்னால், முழங்கால் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆர்தர் திரும்பவில்லை. மூச்சிரைக்கும் சத்தம் இடது குதிகாலை ஒட்டியே வந்துகொண்டிருந்தது.

"அவனுங்க அப்படித்தான் சொல்வானுங்க," என்றார். "உனக்கு ஒன்னும் இல்ல. நீ வா."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, புத்தூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.